அடையாள அட்டை கேட்கும் கலங்கள்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். நாடாளுமன்றம், நீதிமன்றம், போர், சமாதானப் பேச்சு, மரண அறிவித்தல் என்று எழுதாத விடயம் குறைவு. ஆனால் விஞ்ஞானம் ஒருபோதும் என்னுடைய துறையாக இருந்ததில்லை. ஞாயிறு இதழின் விஞ்ஞானப் பக்கத்துக்கு எழுதுபவர் கட்டுரை அனுப்பத் தவறிய வாரங்களில், ஆங்கில ஏடொன்றில் வந்ததை அவசர அவசரமாக மொழிபெயர்த்து இடத்தை நிரப்பியதுண்டு. அவற்றில் எத்தனை பிழைகள் இருந்தனவோ, யாரறிவார்! அந்தப் பழைய கடனைத் தீர்ப்பதற்காகவோ என்னவோ, இந்தப் பதிவை எழுத நேர்ந்திருக்கிறது.

சென்ற ஆண்டு என் கழுத்தின் இடப்புறத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தோன்றியது. நோவு இல்லை. நோவு இல்லாத கட்டிதான் கவனிக்கப்பட வேண்டியது என்பது எனக்கு அப்போது தெரியாது. சிறு துண்டு வெட்டிப் பரிசோதித்த பின்னர், நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். குருதியிலும் நிணநீர்க் கணுக்களிலும் உலவும் பி வகைக் கலங்களில் ஒன்று கட்டுமீறிப் பெருகியதால் வந்தது. (கலம் என்று நாங்கள் இலங்கையில் சொல்வதைத்தான் தமிழகத்து நண்பர்கள் செல் என்றும் உயிரணு என்றும் சொல்கிறார்கள்.) மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை மருந்தேற்ற வேண்டும் என்றார் வைத்தியர். அந்த மருந்துகளில் ஒன்றின் பெயர் ரிட்டுக்சிமாப்.

முதல் நாள் அது ஏறத் தொடங்கிய அரை மணி நேரத்தில் எனக்குக் குளிர் கண்டது. கொழும்பின் சித்திரை வெயிலில், இரண்டு போர்வைக்குள் பல் கிட்டி நடுங்கினேன். தாதி ஓடிவந்து மருந்தின் வேகத்தைக் குறைத்தார். முதல் தடவை இப்படி வருவது சாதாரணம் என்று ஆறுதல் சொன்னார். மாலையில் இலண்டனிலிருந்து மருமகள் தொலைபேசியில் அழைத்தாள். என் தமக்கையின் மகள். நிர்ப்பீடனவியல் ஆய்வில் இருக்கிறாள். ஏன் நடுங்கியது என்று கேட்டேன்.

“மாமா, இப்ப உங்கட உடம்புக்குள்ள பெரிய செக்கிங் நடக்குது. ஒரு சாதிக் கலங்கள் இருக்கு, அதுகளுக்கு இயற்கைக் கொல்லிக் கலம் எண்டு பேர். அதுகள் போய் எல்லாரிட்டயும் ஐ.சி. கேக்கும். வெள்ளவத்தையில இவ்வளவு காலம் இருந்த உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்த வேணுமே?”

அவள் என்னைச் சிரிக்க வைப்பதற்காகவே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. களைப்பாக இருக்கிறது, பிறகு கதைப்போம் பிள்ளை, என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டேன். அன்றிரவு முழுவதும் உறக்கம் வரவில்லை. அதற்கு மருந்து மாத்திரம் காரணமல்ல.

அந்தக் காலத்தைக் கண்டிராத இளையவர்களுக்காகவும், புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்து இதை வாசிப்பவர்களுக்காகவும் அடையாள அட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இலங்கையில் தேசிய அடையாள அட்டைக்கான சட்டம் 1968இல் வந்தது. அட்டைகள் 1972 முதல் வழங்கப்பட்டன. ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய எண்ணில் பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதும் அடங்கியிருக்கும். பெண்ணாயின் நாளோடு 500ஐக் கூட்டுவார்கள். எண்ணில் இனமும் இல்லை, மதமும் இல்லை. ஆயினும் அட்டையைக் கையில் எடுத்தவுடனேயே ஆளின் இனம் தெரிந்துவிடும். தெற்கில் வழங்கப்பட்ட அட்டைகளில் சிங்களம் மாத்திரமே இருந்தது. வடக்குக் கிழக்கில் வழங்கப்பட்டவற்றில் தமிழும் சேர்ந்திருந்தது. பின்புறத்தைத் திருப்பினால் பிறந்த இடம். இரு மொழியிலும் எல்லோருக்கும் அட்டை வழங்கப்பட்டது 2014இலிருந்துதான். இன்றைய மும்மொழி அட்டை 2017இல் வந்தது.

என் தொழிலின் முதற் பகுதியில் நான் கொட்டாஞ்சேனையில், புனித லூசியா பேராலயத்தின் கோபுரம் தெரியும் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். இரவுக் கடமை முடிந்து ஆமர் வீதிச் சந்தியைக் கடந்து நடந்துவரும்போது, காவலரண் வெளிச்சத்தில் அட்டை கேட்பார்கள். முதலில் தேசிய அடையாள அட்டை, பிறகு அரசாங்கத் தகவல் திணைக்களம் வழங்கிய ஊடக அட்டை, அதன் பின்னர் பொலிஸ் பதிவுத் துண்டு. மூன்றையும் ஒரு வரிசையில் அடுக்கிச் சட்டைப்பையில் வைத்திருப்பேன். அட்டையைப் பார்ப்பவர் அதன் பின்புறத்தைத் திருப்பும் அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதைத் தமிழனாய்க் கொழும்பில் வாழ்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் திருமணமாகி வெள்ளவத்தைக்குக் குடிபெயர்ந்தேன். கடலுக்கும் காலி வீதிக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் வீடு. அட்டை கேட்பது மாத்திரம் மாறவில்லை.

அட்டையில்லாத சோதனையும் உண்டு. 1983 ஆடிக் கலவரத்தில் வாளியைக் காட்டி அதன் சிங்களப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள் என்பது எம்மவர் பலரும் சொன்ன, பதிவிலும் உள்ள செய்தி. ‘பால்திய’ என்ற அந்தச் சொல்லின் முதல் ஒலியைத் தமிழ் நாக்கு ‘வ’ என்று உருட்டிவிடுமாம். ஓர் எழுத்தின் ஒலியில் உயிர் இருந்தது.

இனி, 2007 ஜூன் 7. வியாழக்கிழமை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை உள்ளிட்ட பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் விடிவதற்கு முன்னரே எழுப்பப்பட்டு, பொலிஸாரால் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். 376 பேர் என்பது அன்று சொல்லப்பட்ட கணக்கு. அவர்களில் 85 பேர் பெண்கள். தக்க காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருப்பவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்புகிறோம் என்பதே கூறப்பட்ட விளக்கம். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க சில நாட்களில் வருத்தம் தெரிவித்தார். பலர் திருப்பி அழைத்துவரப்பட்டார்கள். இவை யாவும் பத்திரிகையில் வந்தவை, நானும் எழுதியவை.

பத்திரிகையில் நான் எழுதாத ஒன்று உண்டு. அந்தப் பஸ்களில் ஒன்றில் எங்கள் ஊர் மாஸ்ரர் இருந்தார். எனக்குப் பத்தாம் வகுப்பில் விலங்கியல் படிப்பித்தவர். கரும்பலகையில் வட்டம் போட்டு, நடுவில் புள்ளி வைத்து, “இதுதான் கலம், உயிரின் மிகச் சிறிய வீடு” என்று சொல்லித் தந்தவர். ஏ-9 வீதி 2006 ஆகஸ்டில் மூடப்பட்ட பின்னர், காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்திருந்தார், மஹரகமவில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவதற்காக. எங்கள் வீட்டில் தங்கும்படி எவ்வளவோ வற்புறுத்தினேன். “உன்ர வீட்டில நான் நிண்டால் நீ போய்ப் பதிய வேணும், வீண் கரைச்சல் தம்பி” என்று மறுத்து, அடுத்த ஒழுங்கையில் ஒரு விடுதியில் அறை எடுத்தார். எனக்குக் கரைச்சல் வரக்கூடாதென்று விடுதிக்குப் போனவர். நானும் ஓரளவுக்கு மேல் வற்புறுத்தவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான்கு நாட்களின் பின் திரும்பி வந்தார். என் வீட்டு முன்விறாந்தையில் இருந்து தேநீர் குடித்தபடி சொன்னார்: “ஐ.சி.யைக் காட்டினனான் தம்பி. பொலிஸ் பதிவைக் காட்டினனான். கிளினிக் கொப்பியையும் காட்டினனான். ஒருவர் வடிவா விரிச்சு வாசிச்சார். வாசிச்சுப்போட்டு, ஏறுங்கோ எண்டார்.” அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. எப்படி இது நடந்தது என்று விளங்காத ஒரு மாணவனின் முகத்தோடு இருந்தார். அவருடைய சிகிச்சைக்குரிய நாள் ஒன்று அந்த நான்கு நாட்களுக்குள் கடந்து போயிருந்தது. அடுத்த ஆண்டு மாஸ்ரர் காலமானார். அந்த ஒரு நாள் தவறியதால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். நோய் முற்றியே வந்திருந்தது. ஆனால் அந்த நாளை நினைக்காமல் அவரை நினைக்க என்னால் முடிவதில்லை.

மருமகளின் பகிடி எனக்கு ஏன் சுட்டது என்பது இப்போது விளங்கியிருக்கும். வேறொரு காரணமும் உண்டு. போர்க்காலத்தில் எங்கள் மேசைக்கு வந்த அறிக்கைகளிலும் உரைகளிலும் ‘புற்றுநோய்’ என்ற சொல் அடிக்கடி வரும். நாட்டைப் பீடித்த புற்றுநோய், வேரோடு வெட்டி எறியப்பட வேண்டிய புற்றுநோய். எல்லாப் பக்கத்தினரும் தமக்கு வேண்டாதவரை அவ்வாறு வர்ணித்தார்கள். நான் அவற்றைப் பிழையின்றி மொழிபெயர்த்துக் கொடுத்தேன். சொற்பிழை பார்த்தேன், பொருட்பிழை பார்க்கவில்லை. மனிதரை நோயாகவும் அரசை வைத்தியராகவும் காட்டும் உவமை எவ்வளவு தூரம் இட்டுச்செல்லும் என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். இப்போது உடலையே ஒரு சோதனைச் சாவடியாக என் மருமகள் காட்டுகிறாள். அந்த உவமையை ஏற்க என் மனம் மறுத்தது.

ஆனாலும் பத்திரிகைக்காரனின் பழக்கம் விடுமா? மறுவாரம் நானே அவளை அழைத்தேன். உவமையை விட்டுவிட்டு விஞ்ஞானத்தைச் சொல் என்றேன். ஆறு தடவை மருந்தேற்றி முடிவதற்குள் ஏறக்குறைய ஒரு முழுப் பாடமே நடந்துவிட்டது. அவள் சொன்னதையும், அனுப்பியவற்றைப் படித்து நான் விளங்கிக்கொண்டதையும் இங்கே தருகிறேன்.

குருதியில் உள்ள நிணநீர்க் குழியங்களில் நூற்றுக்கு 5 முதல் 15 வரையானவை இந்த இயற்கைக் கொல்லிக் கலங்கள். 1970களின் நடுப்பகுதி வரை இவை இருப்பதே தெரியாது. புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் தன்மையைப் பரிசோதனைக் குழாயில் அளந்தவர்கள், முன்பின் அந்நோயைச் சந்தித்திராத எலியின் கலங்களும் ஓரளவு கொல்வதைக் கண்டு, அது பரிசோதனையின் இரைச்சல் என்று ஒதுக்கிவிட்டார்கள். அது இரைச்சலல்ல, செய்தி என்று 1975இல் காட்டியவர்கள் ஸ்ரொக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரொல்ஃப் கீஸ்லிங்கும் அவருடைய சகாக்களும். அமெரிக்காவில் ரொனால்ட் ஹேர்பமனின் குழுவினர். முன்னறிமுகமோ பயிற்சியோ இன்றிக் கொல்வதால் ‘இயற்கைக் கொல்லி’ என்று பெயர் வந்தது.

கொல்வது எப்படி என்பதைக் கண்டறிவது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. இலக்கான கலத்தோடு ஒட்டிக்கொண்டு, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதன் சுவரில் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதியங்களை உள்ளே செலுத்தும். அந்தக் கலம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். கொல்லிக் கலம் விலகி அடுத்ததை நாடும். யாரைக் கொல்வது என்று எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதே பெரிய புதிராக இருந்தது. நிர்ப்பீடனத் தொகுதியின் மற்றப் படையான ரி வகைக் கலங்கள் அந்நியப் பொருளைத் தேடுபவை. ஒவ்வொரு ரி கலத்துக்கும் ஒவ்வொரு அந்நிய உருவம் தெரியும். இந்தக் கொல்லிக்கோ அப்படி எந்த உருவமும் தெரியாது.

விடையைச் சொன்னவர் அதே கரோலின்ஸ்காவைச் சேர்ந்த கிளாஸ் ஷேர. 1981இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில் அவர் முன்வைத்த எண்ணம் எளிமையானது: இக்கலங்கள் அந்நியம் இருக்கிறதா என்று தேடவில்லை, சுயம் இல்லாமற் போயிற்றா என்று தேடுகின்றன. 1986இல் அவரும் சகாக்களும் நேச்சர் இதழில் சான்றை வெளியிட்டார்கள். எலிகளின் புற்றுநோய்க் கலங்களில் சுய அடையாளப் புரதத்தை இழந்த வகையைச் செலுத்தியபோது எலிகள் அதை அழித்தன. அடையாளம் அப்படியே இருந்த வகையோ வளர்ந்தது. ‘காணாமற்போன சுயம்’ என்று அந்தக் கருத்துக்குப் பெயராயிற்று. 1981 அக்டோபரில்தான் சோவியத் நீர்மூழ்கியொன்று சுவீடனின் கார்ல்ஸ்குரூனா கடற்படைத் தளத்துக்கு அருகே பாறையில் சிக்கி, அந்த நாட்டையே பதற்றத்தில் ஆழ்த்தியது. ஷேர 1997இல் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பு, ‘அந்நிய நீர்மூழ்கியை இனங்காண்பது எப்படி’ என்பதே. எதிரியின் எல்லா உருவங்களையும் மனப்பாடம் செய்வதைவிட, நம்மவரின் ஓர் அடையாளத்தை அறிந்திருப்பது சுலபமல்லவா?

அந்த அடையாளம் எச்.எல்.ஏ. முதல் வகுப்புப் புரதங்கள். கருவுள்ள கலங்கள் ஏறக்குறைய எல்லாமே இவற்றைத் தம் மேற்பரப்பில் ஏந்தி நிற்கின்றன. தமக்குள்ளே உருவாகும் புரதங்களின் சிறு துண்டுகளை இந்த ஏந்தியில் வைத்து வெளியே காட்டுவது அவற்றின் வேலை. உள்ளே வைரஸ் புகுந்திருந்தால் அதன் துண்டும் வெளியே தெரியும். ரி கலம் கண்டு கொல்லும். இதிலிருந்து தப்ப வைரஸ்கள் பல, ஏந்தியையே உள்ளே இழுத்து அழித்துவிடும். புற்றுநோய்க் கலங்களும் அவ்வாறே அதைக் கைவிடுவதுண்டு. ரி கலத்துக்குக் காட்சி எதுவும் இல்லை. அப்போதுதான் கொல்லிக் கலம் வருகிறது. அதன் மேற்பரப்பில் உள்ள தடை வாங்கிகள் எச்.எல்.ஏ.யைத் தொட்டால், ‘நிறுத்து’ என்ற கட்டளை உள்ளே செல்லும். தொட எதுவும் இல்லையாயின் நிறுத்தக் கட்டளையும் இல்லை.

“அப்ப அட்டை இல்லாட்டிச் சாவு. அதுதானே?” என்றேன்.

“இல்லை மாமா. அங்கதான் எல்லாரும் பிழை விடுறவை. அட்டை இல்லாட்டி மட்டும் கொல்லாது” என்றாள்.

செங்குழியத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். முதிர்ந்த செங்குழியத்துக்குக் கரு இல்லை. அதன் மேற்பரப்பில் எச்.எல்.ஏ.யும் ஏறக்குறைய இல்லை. ஒரு துளிக் குருதியிலேயே கோடிக்கணக்கானவை, அட்டையில்லாமல் கொல்லிக் கலங்களை உரசிக்கொண்டு இரவு பகலாகப் போய்வருகின்றன. எந்தக் கொல்லியும் அவற்றைத் தொடுவதில்லை. ஏனெனில் கொல்வதற்கு இரண்டாவது ஒரு சைகை வேண்டும். வைரஸ் புகுந்த, அல்லது மரபுப் பொருள் சிதைந்த, அல்லது கட்டுமீறிப் பெருகத் தொடங்கிய கலம் தன் மேற்பரப்பில் அவலக் குறிகளை வெளிப்படுத்துகிறது. மிக்-ஏ, மிக்-பி என்று அவற்றுக்குப் பெயர். கொல்லிக் கலத்தின் என்.கே.ஜி.2டி என்ற தூண்டு வாங்கி அவற்றைப் பற்றிக்கொள்ளும். ஒரு பக்கம் தடை, மறு பக்கம் தூண்டல். இரண்டையும் கலம் நிறுத்துப் பார்க்கிறது. அட்டை இருந்தும் அவலக்குறி மிகுந்திருந்தால் கொல்லலாம். அட்டை இல்லாதபோதும் அவலக்குறி இல்லையாயின் விட்டுவிடும்.

மாஸ்ரரின் கிளினிக் கொப்பி எனக்கு நினைவு வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

போலி அட்டை தயாரிப்பவர்களும் உண்டு. சைட்டோமெகலோ வைரஸ் என்பது உலகெங்கும் பரவலாக மனிதரில் ஒளிந்திருக்கும் ஒன்று. அது உண்மையான எச்.எல்.ஏ.யை அழித்துவிட்டு, யூ.எல்.18 என்ற தன்னுடைய சொந்தத் தயாரிப்பொன்றை மேற்பரப்பில் நிறுத்துகிறது. பார்வைக்கு எச்.எல்.ஏ. போலவே இருக்கும் அது, ஒரு தடை வாங்கியோடு பொருந்தி ‘நிறுத்து’ என்ற கட்டளையைப் பிறப்பிக்கும். யூ.எல்.16 என்ற இன்னொன்றோ அவலக்குறிகளில் சிலவற்றை வெளியே வரவிடாமல் உள்ளேயே அமுக்கி வைக்கும். போலி அட்டையும் புன்னகையும் ஒருசேர!

என்னை மிகவும் சிந்திக்க வைத்தது காவலரைப் பற்றிய செய்தி. அட்டைக்கான பரம்பரையலகுகள் 6ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளன. மனிதரில் தடை வாங்கிகளின் முக்கிய குடும்பத்துக்கானவை 19இல். இரண்டும் தனித்தனியே பெற்றோரிடமிருந்து வருகின்றன. ஆகவே, தன் உடலின் அட்டையை வாசிக்கவே தெரியாத கொல்லிக் கலங்களும் ஒருவருக்குள் பிறக்கும். அவை எதிர்ப்படும் அனைவரையும் கொன்று தீர்க்க வேண்டுமே? அப்படி நடப்பதில்லை. வளரும் காலத்தில் சுயத்தின் அட்டையைத் தொட்டு, ‘நிறுத்து’ என்ற கட்டளையைப் பெற்றுப் பழகிய கலத்துக்கே முழுமையான கொல்லும் ஆற்றல் கிட்டுகிறது. பழகாதது மந்தமாகவே வைக்கப்படும். வேய்ன் யொகோயாமாவின் குழு 2005இல் இதற்கு ‘உரிமம் வழங்கல்’ என்று பெயரிட்டது. நிறுத்தக் கற்றவனுக்குத்தான் ஆயுதம். நம்மவரை வாசிக்கத் தெரியாதவனுக்கு அது இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கருப்பையில் கரு உருவாகும் முதல் மாதங்களில், அங்கே குவிந்திருக்கும் வெண்குழியங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 இந்தக் கொல்லி வகையைச் சேர்ந்தவை. கருவோ பாதி அந்நியம். தந்தையின் அடையாளங்களைச் சுமந்து நிற்பது. கொல்லிகள் சூழ அது எப்படிப் பிழைக்கிறது? தாயின் சுவருக்குள் நுழையும் சூல்வித்தகக் கலங்கள் எச்.எல்.ஏ.-ஜி என்ற தனிச் சிறப்பான அட்டையை ஏந்தி வருகின்றன. அங்குள்ள கொல்லிகள் கொல்வதை விட்டுத் தாயின் குருதிக் குழாய்கள் விரிந்துகொடுக்க உதவி, வந்த விருந்தாளிக்கு உணவு போகும் வழியை அகலப்படுத்துகின்றன. கொல்லி என்று பெயர் வைத்தவர்கள் கருப்பையைப் பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

இவ்வளவையும் கேட்ட பின்னர் என் மனம் ஒருவாறு அமைதி கண்டது என்றுதான் எழுத விரும்பினேன். உடல் அட்டை கேட்கிறது, ஆனால் எல்லோரிடமும் கேட்கிறது. அட்டையில்லாமை ஒன்றையே குற்றமாகக் கொள்வதில்லை. நிறுத்தத் தெரியாதவனிடம் ஆயுதம் கொடுப்பதில்லை. பாதி அந்நியனுக்கும் இடம் கொடுக்கிறது. நாடுகள் உடலைப் பார்த்துக் கற்கட்டும் என்று முடித்திருந்தால் நல்ல பத்தியாக அமைந்திருக்கும். பழைய நாட்களில் அப்படித்தான் முடித்திருப்பேன்.

ஆனால் ஐந்தாவது தடவை மருந்தேறிக்கொண்டிருந்தபோது, அப்படியானால் இந்த மருந்து என்ன செய்கிறது என்று அவளிடம் கேட்டேன். சற்றுத் தயங்கித்தான் சொன்னாள்.

ரிட்டுக்சிமாப் ஒரு பிறபொருளெதிரி. பி வகைக் கலங்களின் மேற்பரப்பில் சி.டி.20 என்ற ஒரு புரதம் உண்டு. மருந்து போய் அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கொல்லிக் கலத்தின் சி.டி.16 என்ற வாங்கி அந்த வாலைப் பற்றும். மற்றத் தூண்டல்களைப் போன்றதல்ல இது. தனித்தே போதுமான அளவுக்கு வலுவானது. மருந்து வேறு வழிகளாலும் கொல்கிறது என்றாலும் இது முக்கியமான வழி. இப்போது கேளுங்கள்: சி.டி.20 நோயுற்ற பி கலத்தில் மாத்திரம் உள்ளதல்ல. என் உடலில் எந்தத் தவறும் செய்யாமல் தம் கடமையைச் செய்துகொண்டிருந்த பி கலங்கள் அனைத்திலும் அது உண்டு. அவை அட்டையை ஏந்தியே நிற்கின்றன. அவலக்குறி எதுவும் இல்லை. ஆனாலும் அந்த இனத்தில் பிறந்ததால் அவற்றின் மேல் ஒரு குறி சூட்டப்படுகிறது. குறி சூட்டப்பட்ட பின்னர் அட்டை எடுபடாது.

“ஐ.சி.யைக் காட்டினனான் தம்பி. கிளினிக் கொப்பியையும் காட்டினனான்.”

கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக் குழாயை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நோயுற்ற சிலரைப் பிடிக்க முடியாமல், அந்த இனம் முழுவதையும் பஸ்ஸில் ஏற்றும் வேலையொன்று எனக்குள் நடந்துகொண்டிருந்தது. அதற்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டவன் நான். உயிர் பிழைக்க வேண்டுமென்ற ஆசையோடு, அது நன்றாக நடக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டும் இருந்தவன் நான்.

மருமகள் என் மௌனத்தைப் புரிந்துகொண்டாள் போலும். “மாமா, அது திரும்பி வரும். என்புமச்சையில இருக்கிற தாய்க் கலங்களில சி.டி.20 இல்லை, அதுகளை மருந்து தொடாது. சிகிச்சை முடிஞ்சு ஆறு மாசம், ஒரு வருசத்தில புதுப் பி கலங்கள் வரத் தொடங்கும்” என்றாள். ஒரு வகைக் கலம் முழுவதும் அழிந்தாலும் உடல் அதைப் புதிதாய்ப் படைத்துக்கொள்ளும். கலத்துக்கு ஊரில்லை, பிள்ளைகள் இல்லை, கரும்பலகையில் வட்டம் போட்டுக் கொடுத்த மாணவர்கள் இல்லை. ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்தால் உடலுக்கு நட்டமில்லை. மனிதரை உடலின் கலங்களோடு ஒப்பிடும் உவமை சரியாக இந்த இடத்தில்தான் முறிந்து விழுகிறது. நான் அன்று மொழிபெயர்த்துக் கொடுத்த அறிக்கைகளில் எவரும் இதைச் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை.

2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் வேறிடங்களிலும் குண்டுகள் வெடித்த பின்னர், இந்நகரின் வீதிகளில் அட்டை கேட்பது சில காலம் திரும்பி வந்தது. இம்முறை என் அட்டையைப் பார்த்தவர் உடனே திருப்பித் தந்துவிட்டார். எனக்கு முன்னால் நின்ற முஸ்லிம் இளைஞரின் பையைத்தான் கவிழ்த்துக் கொட்டினார்கள். நான் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். விடுபட்டதில் ஒரு சிறு ஆறுதல் எழுந்ததை மறைக்க மாட்டேன். அந்த ஆறுதலை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆறாவது தடவை முடிந்துவிட்டது. கழுத்துக் கட்டி கரைந்துவிட்டது. மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதனை என்றிருக்கிறார் வைத்தியர். கடைசி நாளன்று பதிவு மேசையில் இருந்த பெண் பிள்ளை, “ஐயா, அடையாள அட்டை இருக்கிறதா?” என்று கேட்டாள். என் கை பழக்கத்தில் மூன்று அட்டைகளைத் தேடியது. ஒன்றுதான் இருந்தது. அதைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு, பின்புறத்தைத் திருப்பாமலேயே அவள் திருப்பித் தந்தாள்.

வீடு திரும்பும் வழியில் மாஸ்ரர் தங்கியிருந்த ஒழுங்கையால் ஓட்டோவை விடச் சொன்னேன். அந்த விடுதி இப்போது இல்லை. அந்த இடத்தில் தொடர்மாடி எழுந்திருக்கிறது. சாரதி ஏன் இந்தச் சுற்று வழி என்று கேட்டார். தெரிந்த ஒருவர் இங்கே இருந்தவர் என்று மட்டும் சொன்னேன்.